பாதை உங்களுக்கு, வெள்ளம் கீழ்த்தோட்டத்துக்கா?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம், அப்பா பங்காக வந்த மூன்று ஏக்கர் சரிவு நிலம். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நிழலுக்குச் சில்வர் ஓக். மேலே சமதரையாக இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆசை.

சிக்கல் பாதையில் தொடங்கியிருக்கிறது. கீழே பஞ்சாயத்துத் தார்ச்சாலை. அங்கிருந்து இவர் நிலத்துக்கு வர, நடுவில் இருக்கும் இன்னொருவரின் காபித் தோட்டத்தைத் தாண்ட வேண்டும். அப்பா காலத்தில் காபி மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கிய ஒற்றையடிப் பாதை, பிறகு ஜீப் போகும் அளவுக்கு ஆனது. போன வருடம் ஜேசிபி வைத்து, பக்கத்துத் தோட்டத்துக்குள்ளும் சேர்த்து, அதைப் பன்னிரண்டு அடிக்கு அகலப்படுத்தியிருக்கிறார். ஐப்பசி மழையில் தண்ணீர் முழுக்க அந்தப் பாதையிலேயே இறங்கி, நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு, மண்ணையெல்லாம் கீழ்த்தோட்டத்தில் கொட்டிவிட்டது. இருபது காபிச் செடிகள் புதைந்தன. கீழ்த்தோட்டத்து அண்ணன் (கடிதத்தில் அப்படித்தான் சொல்கிறார்) பாதை வாயில் இரண்டு பாறையை உருட்டி வைத்துவிட்டார்.

“இருபது வருஷத்துக்கு மேல் நடந்த பாதை, யாராலும் மறிக்க முடியாது, கேஸ் போடுங்கள் அண்ணி” என்கிறார் கொழுந்தனார். “மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், அதைத் தடுக்கச் சட்டமே இல்லை” என்று ஒரு நண்பர். ஜேசிபிக்காரர் சொல்வது வேறு: நேராக மேலே ஏற்றி இரண்டே நாளில் பாதை வெட்டிவிடலாம், வெட்டிய மண்ணை ஓரமாக ஓடும் வறண்ட ஓடையில் தள்ளி, அடியில் பன்னிரண்டு அங்குலக் குழாய் போட்டுவிட்டால் இருபது அடி நிலமும் கூடுதலாகக் கிடைக்கும். வாசகியின் சொந்த யோசனை, மேலே ஒரு பண்ணைக்குட்டை வெட்டி எல்லாத் தண்ணீரையும் அதில் பிடித்துவிடுவது. முன்பணம் கொடுத்தாயிற்று. அடுத்த மாதமே வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் நிலவேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர், வழக்கறிஞர் இல்லை. ஆனால் வழித்தகராறு கோர்ட்டுக்குப் போனால் வரைபடத்தோடு கூப்பிடப்படுகிற ஆள் என்பதால் சட்டத்தின் ஓரமும் கொஞ்சம் தெரியும். உங்கள் கடிதத்தில் பாதையைப் பற்றி நாலு பக்கம் இருக்கிறது, தண்ணீரைப் பற்றி நாலு வரிதான். எனக்கோ உங்கள் தகராறு முழுக்கத் தண்ணீர்த் தகராறாகத்தான் தெரிகிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பாதை ஜீப் அளவில் இருந்தவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண் வந்து விழுந்த பிறகுதான் பாறை வந்தது.

கொழுந்தனார் சொல்வதும் நண்பர் சொல்வதும்

இரண்டு பேரும் பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் வழக்கில் இறங்கி வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

அடுத்தவர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்றவற்றுக்கான உரிமையைச் சொல்லும் 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் இருபது வருடக் கணக்கு இருப்பது உண்மை. வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமை என்ற முறையில் இருபது வருடம் பயன்படுத்தியிருக்க வேண்டும். “போய்க்கோங்கம்மா” என்று கீழ்த்தோட்டத்துக்காரரின் அப்பா அனுமதித்து நீங்கள் நடந்திருந்தால் அந்த வருடங்கள் கணக்கில் சேராது. எல்லாம் சேர்ந்தாலும், உரிமை உறுதியாவது கோர்ட்டில் நிரூபித்த பிறகுதான். அதைவிட முக்கியம், பழகிய அளவுக்குத்தான் உரிமை. தலைச்சுமையும் ஜீப்பும் போன பாதையை டிப்பர் லாரி போகும் பன்னிரண்டு அடிச் சாலையாக நீங்களே மாற்றிக்கொள்ள முடியாது. போன வருடம் நீங்கள் செய்தது அதுதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

இதைவிட நல்ல துருப்பு உங்களிடம் இருக்கலாம். இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே உரிமையாளரிடம் இருந்து, பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ பிரிந்திருந்தால், வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசியத்தால் வரும் வழியுரிமை உண்டு. அதற்கு மூலப்பத்திரம் வேண்டும். அப்பாவின் பெட்டியில் தேடுங்கள், இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுங்கள். கூடவே எஃப்எம்பி என்கிற புலவரைபடத்தையும், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் பாருங்கள். பழைய மலைப்பாதைகளில் சில, வண்டிப்பாதைப் புறம்போக்காகவே பதிவாகியிருக்கும். அப்படி இருந்தால் இந்தச் சண்டைக்கே வேலை இல்லை. அது அரசு நிலம், மறிக்க அவருக்கு உரிமை கிடையாது.

இனி நண்பரின் வாதம். மேல்நிலத்தில் விழும் மழை இயற்கையாகக் கீழே வழிந்தால் கீழ்நிலத்துக்காரர் அதை ஏற்க வேண்டும் என்று அதே 1882 சட்டம் சொல்கிறது. அதில் “இயற்கையாக” என்பதுதான் உயிர். மூன்று ஏக்கரிலும் பரவி, இலைச்சருகுக்குள் ஊறி, மெதுவாக இறங்கிய தண்ணீரை நீங்கள் ஒரு பாதையால் திரட்டி, ஒரே இடத்தில் அவர் தோட்டத்துக்குள் பாய்ச்சியிருக்கிறீர்கள். இதை இயற்கை ஓட்டம் என்று வாதாடுவது கஷ்டம். அவர் தடையுத்தரவும் கேட்கலாம், புதைந்த செடிகளுக்கு நஷ்டஈடும் கேட்கலாம். அவர் இன்னும் கோர்ட்டுக்குப் போகாமல் பாறை வைத்ததோடு நிறுத்தியிருக்கிறார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பாதை ஏன் வேண்டாம்

உங்கள் மேஸ்திரி டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்துப் பார்த்ததில், நிலத்தின் கீழ் எல்லையிலிருந்து வீட்டு இடம் வரை நேர்த்தூரம் ஐந்நூறு அடி, ஏற்றம் எண்பது அடி. அதாவது ஆறடிக்கு ஓரடி ஏற்றம். காய்ந்த தரையில் ஜீப் ஏறிவிடும். ஈரச் செம்மண்ணில் சிமெண்டு மூட்டையோடு டிராக்டர் ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது பிரேக்கை நம்ப முடியாது.

வண்டி ஏறுகிறதா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். சரிவுக்கு நேராக வெட்டிய பாதை இரண்டு பக்க நிலத்தையும்விடத் தாழ்ந்து அகழி மாதிரி ஆகிவிடும். அதற்குள் விழுந்த தண்ணீரை எந்தப் பக்கமும் வெளியே தள்ள வழி இருக்காது. போகப் போக வேகம்தான் கூடும். போன ஐப்பசியில் நீங்கள் பார்த்த முழங்கால் பள்ளம் அப்படி வந்ததுதான். அதன் மேல் சரளை கொட்டினாலும் கான்கிரீட் போட்டாலும் தண்ணீர் அடுத்த ஓரத்தை அறுக்கும்.

பத்தடிக்கு ஓரடி ஏற்றம் வைத்துச் சரிவுக்குக் குறுக்காகப் பாதையைக் கொண்டுபோனால் நீளம் எண்ணூறு அடி ஆகும். ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அந்த வளைவை நிலத்தின் முதுகு மாதிரி மேடான இடத்தில் வையுங்கள், பள்ளத்தில் வைக்காதீர்கள். வளைவில் மட்டும் ஏற்றத்தைக் குறைத்து விடுங்கள். உங்களுக்குப் பத்தடி அகலம் போதும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க, நடுவில் ஓரிடத்தில் அகலமாக விட்டால் சரி. குறுக்காகப் போகும் பாதையில் மலைப்பக்க வெட்டு பெரும்பாலும் இரண்டடிக்குள் அடங்கும். பள்ளத்தாக்குப் பக்கமாகப் பாதையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் மழை விழுந்த இடத்திலேயே வழிந்து பரவிப் போய்விடும். ஓரடி, ஒன்றரை அடி உயர்ந்து வண்டி ஏறி இறங்கும்படியான மண் மேடுகளைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் போடுங்கள். பத்துக்கு ஒன்று ஏற்றத்துக்குச் சுமார் எண்பது அடிக்கு ஒரு மேடு. ஆறுக்கு ஒன்று ஏற்றமாக இருந்தால் அறுபது அடிக்கும் குறைவாக வைக்க வேண்டியிருக்கும், அதுவும் அங்கே நிற்காது. ஒவ்வொரு மேட்டின் வாயிலும், தண்ணீர் வெளியேறும் இடத்தில், கருங்கல்லைப் பரப்பி வையுங்கள். எந்த வாயும் கீழ்த்தோட்டத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது. உங்கள் நிலத்துக்குள்ளேயே சருகும் வேரும் இருக்கும் தரையில் அவை திறக்க வேண்டும்.

கோடு போட ஜேசிபி வேண்டாம். ஒரு டியூப் மட்டம், கொஞ்சம் சுண்ணாம்பு, உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். முதலில் நீங்களே நடந்து பாருங்கள். மழை பெய்யும்போது குடையோடு போனால் இன்னும் நல்லது. எங்கே தண்ணீர் சேர்கிறது, எங்கே தெளிவாக ஓடுகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது என்று குச்சி நட்டுக்கொண்டே வாருங்கள். மாசி மாதத்திலும் சேம்பும் பெரணியும் பச்சையாக நிற்கிற இடம் இருந்தால் அங்கே உள்ளே ஊற்று கசிகிறது, வெட்டு அந்த இடத்தில் விழக் கூடாது. சில்வர் ஓக் மரங்களின் அடியைப் பாருங்கள். அடிமரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, மேலே போய் நிமிர்ந்திருந்தால் அந்தச் சரிவு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். பாதையை அங்கிருந்து தள்ளியே வையுங்கள். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து என்னைக் கூட்டிப்போனாலும் நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

ஓடையை மூட வேண்டாம்

இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஜேசிபிக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

ஒன்று, அந்த ஓடை உங்கள் பட்டாவுக்குள் இருப்பதாக நினைக்கிறீர்கள். அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அதில் மண் தள்ளுவது அரசு நில ஆக்கிரமிப்பு. 1905ஆம் வருட ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். பட்டாவுக்குள்ளேயே இருந்தாலும் மேலிருந்து வரும் ஓட்டத்தை மறிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

இரண்டு, கணக்கு. உங்கள் வரைபடப்படி அந்த இடத்துக்கு மேலே ஐந்து ஏக்கர் தண்ணீர் அந்த ஓடையில்தான் இறங்குகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர். மணிக்கு மூன்று அங்குல வேகத்தில் ஒரு கனமழை அடித்து, அதில் பாதிக்கும் குறைவாக, நூற்றுக்கு நாற்பது பங்கு மட்டும் ஓடி வந்தால்கூட, வினாடிக்கு 170 லிட்டர் அளவில் வரும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் எட்டரையை ஒவ்வொரு வினாடியும் கவிழ்ப்பதற்குச் சமம். பன்னிரண்டு அங்குலக் குழாய், உள்ளே ஓர் இலைகூட இல்லாமல் இருந்தாலே வினாடிக்கு நூறு லிட்டரைத் தாண்டுவது கஷ்டம். மேலே உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை வேறு. குழாய் வாயில் பாய் விரித்தது போல் படியும். பிறகு தண்ணீர் நீங்கள் நிரப்பிய தளர்ந்த மண்ணின் மேல் ஏறி, அத்தனையையும் வாரிக்கொண்டு கீழே போகும். இந்தத் தடவை இருபது செடியோடு நிற்காது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். நெடுஞ்சாலைத் துறை தடுப்புச்சுவர் கட்டிப் பராமரிக்கும் ரோட்டுக்கே அந்த நிலை.

பாதை ஓடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குழாயைவிடத் தரைப்பாலம் நல்லது. ஓடையின் அடிமட்டத்திலேயே கருங்கல் பதித்து, கீழ்ப்பக்க விளிம்பை ஆழமாகக் கட்டிவிடுங்கள். வருடத்தில் சில நாள் சில மணி நேரம் தண்ணீர் அதன் மேல் ஓடும், நீங்கள் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். குழாய்தான் வேண்டுமென்றால் இரண்டடி விட்டத்துக்குக் குறையாத ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) போடுங்கள். ஓடை புறம்போக்காக இருந்தால் இரண்டுக்கும் எழுத்து மூலம் அனுமதி தேவை.

பண்ணைக்குட்டை பற்றி

எண்ணம் நல்லது, இடம் தப்பு. முப்பதுக்கு முப்பது அடி, ஐந்தடி ஆழம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிரம்பினால் ஒன்றேகால் லட்சம் லிட்டர். நான்கு அங்குல மழை பெய்த ஒரு நாளில் அந்த ஐந்து ஏக்கரில் விழுவது இருபது லட்சம் லிட்டர். வெள்ளத்தை அடக்கும் வேலை இந்தக் குட்டையால் ஆகாது. வேனிலில் மிளகுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் உதவும். அப்புறம், வீட்டுக்கும் பாதை வெட்டுக்கும் நேர் மேலே தண்ணீரைத் தேக்கினால் அது மண்ணுக்குள் இறங்கி, கீழே வெட்டிய சுவரை உள்ளிருந்து தள்ளும். மலையில் பல சரிவுகள் இப்படித்தான் தொடங்குகின்றன. வெட்டு எதுவும் இல்லாத பக்கத்தில், வீட்டைவிடத் தாழ்வாக, உறுதியான தரையில், நிரம்பி வழியக் கல்பாவிய வாயோடு வையுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை ஆட்களை வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள். பண்ணைக்குட்டையும் மண்வளப் பாதுகாப்பும் அவர்கள் அன்றாடம் பார்க்கும் வேலை. இயந்திரமும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள்.

வெட்டிய மண்ணுக்கு ஒரு வார்த்தை. தோண்டினால் அது கால்பங்காவது உப்பும், அதனால் நீங்கள் நினைப்பதைவிடக் குவியல் பெரிதாக இருக்கும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கித் தோட்டத்துக்கே போடுங்கள். பாதைக்கு நிரப்பும் இடத்தில் சரிவை முதலில் படிப்படியாக வெட்டி, அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். பக்கெட்டால் நாலு தட்டுத் தட்டுவது இறுக்கம் ஆகாது. வேர்க்கட்டையும் மரத்துண்டும் உள்ளே போகக் கூடாது, மக்கிப்போனதும் அந்த இடம் உள்வாங்கும். நிரப்பிய சரிவில் வெட்டிவேர் நடுங்கள். மண்ணை மலையை விட்டு வெளியே ஏற்றி அனுப்ப நினைத்தால் அது பட்டா நிலத்து மண்ணே ஆனாலும் கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் லாரி நகரக் கூடாது.

அனுமதிகள்

“சொந்த நிலம்தானே” என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சமவெளியில் ஓரளவு செல்லும். ஏற்காடு மலைக் கிராமங்கள் 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின், ஹாகா என்று எல்லோரும் சொல்வதன், பட்டியலில் வருபவை. கட்டட அனுமதிக்குப் போகும்போது வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். முன்கூட்டியே மலையை வெட்டி வைத்துவிட்டுப் போனால் அவர்கள் எழுதப்போகும் குறிப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பாதைக் கோட்டில் மரம் இருந்தால் 1955ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதிக்காமல் வெட்டக் கூடாது. கோட்டை இரண்டடி தள்ளிப் போட்டு மரத்தைக் காப்பாற்ற முடிந்தால் காகித வேலையே மிச்சம். இயந்திரம் மலை ஏறும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் என்னென்ன தேவை என்று மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீழ்த்தோட்டத்து அண்ணனிடம்

வழக்கை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். பாறையை நீங்களாக உருட்டித் தள்ளவும் வேண்டாம், அதற்கும் ஒரு போலீஸ் புகார் வரும். நேரில் போங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய பழக்கம் இருக்குமல்லவா. முதலில் புதைந்த செடிகளுக்கு ஈடு என்ன என்று நீங்களே கேளுங்கள். அடுத்து, அவர் தோட்டத்துக்குள் போகும் பாதைத் துண்டை உங்கள் செலவில் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்து, மேல் எல்லையிலேயே தண்ணீரை உங்கள் பக்கம் திருப்பி ஓடையில் விடுவதாகச் சொல்லுங்கள். சொன்னால் போதாது, அவர் கண் முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். தண்ணீர் தன் பக்கம் வராது என்று கண்ணால் பார்த்த ஆள், பாதைக்குப் பேசும் விதமே வேறாக இருக்கும்.

ஒத்துவந்தால் வாய்வார்த்தையோடு விடாதீர்கள். பாதையின் அகலம், எந்த வண்டிகள், பராமரிப்பு யார் பொறுப்பு, தண்ணீர் எங்கே திரும்பும் என்பதையெல்லாம் எழுதி, வரைபடம் இணைத்து, பாதை உரிமைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அவர் பிள்ளைகள் காலத்துக்கும் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கும் அது பேசும். அந்தத் துண்டை விலைக்கே கொடுக்கிறேன் என்று அவர் சொன்னால், அது அரசு ஒப்படைத்த பட்டாவா, விற்கத் தடை நிபந்தனை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள். இந்த மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களின் நிலம் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. சர்வேயர் அளக்க வரும் நாளை அவருக்கும் முன்கூட்டியே சொல்லி, கூடவே நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, அடுத்த மாத ஜேசிபி. வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த மண் ஒரு பெருமழைக்குத் தாங்காது. காபிப் பறிப்பும் அப்போதுதான் தொடங்கும், பாதை உங்களுக்கே தேவைப்படும். இப்போது செய்ய வேண்டிய மண்வேலை ஒன்றுதான்: போன வருடம் வெட்டிய பாதையில் மண் நிரப்பிய சாக்குகளைக் குறுக்காக அடுக்கி, தண்ணீரை உங்கள் தோட்டத்துக்குள் திருப்புங்கள். இரண்டு ஆள், இரண்டு நாள் கூலி. பெரிய வேலையைத் தை பிறந்ததும் தொடங்கி, கோடை மழைக்கு முன், பங்குனிக்குள் முடியுங்கள். அதற்குள் பத்திரமும் புலவரைபடமும் கைக்கு வந்திருக்கும். ஜேசிபிக்காரரிடம் முன்பணத்தைத் தை மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஐயாயிரம் போனாலும் போகட்டும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.